அமாவாசைக் கூட்டம்

அந்த யோசனை என்னுடையது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நான் எச்.எம். மேல், கணக்கு டீச்சர் மேல், தெருக்காரர்கள் மேல் எல்லாம் எரிந்து விழப்போகிறேன். படிக்கிறவர்கள் என்னை ஏதோ நியாயவாதி என்று நினைத்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. பெற்றோர் கூட்டம் என்று சனிக்கிழமை வைத்தால் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். முக்கால்வாசிப் பிள்ளைகள் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அப்பா தறியை விட்டு இறங்க மாட்டார். அம்மா நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். மாதத்தில் தறி ஓடாத நாள் அமாவாசை ஒன்றுதான். அன்றைக்கு வேலை செய்யக்கூடாது என்பது அந்தத் தெருக்களின் வழக்கம். "அமாவாசையன்னைக்குக் கூட்டம் வையுங்க மேடம், எல்லாரும் வந்துடுவாங்க" என்று எச்.எம்.மிடம் சொன்னது நான். வந்தார்கள். தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய இட்டுக்கொண்டு, பிரேயர் ஹால் கொள்ளாமல் வந்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தவர் அசந்துபோய்ப் பாராட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டத்தில் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மாதத் தேர்வு மார்க்கைக் கடைசி ராங்கிலிருந்து மேலே போய் மைக்கில் வாசிப்பேன். ஒவ்வொரு பெண்ணும் எழுந்து நிற்க வேண்டும். அவளைப் பெற்றவர்களும் எழுந்து நிற்க வேண்டும். "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சரம்மா" என்று யாராவது ஒரு அப்பா சொல்லுவார், ஹால் சிரிக்கும். கடைசியில் முதல் ராங்க் பெண்ணை மேடைக்கு அழைப்பேன். அவள் எப்படிப் படிக்கிறாள், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள் என்று மைக்கில் சொல்ல வேண்டும். மற்ற அம்மாக்கள் தங்கள் பெண்களின் தொடையில் கிள்ளி, "பாரு அவளை" என்பார்கள். இதற்குப் பெயர் ஊக்கப்படுத்துதல். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

முதல் ராங்க் எப்போதும் ஒரே பெண்தான். ஒல்லி, இரட்டைப் பின்னல், மூன்றாவது பெஞ்சின் ஓரம். அவள் நோட்டைத் திருத்துவது எனக்கு ஒரு சந்தோஷம். ஒரு எழுத்து சரியாக வராவிட்டால் அழித்து அழித்து எழுதுவாள், சில பக்கங்களில் தாளே ஓட்டையாகியிருக்கும். "டீச்சர், நாளைக்குத்தானே டெஸ்ட்?" என்று ஒரே நாளில் நாலு தரம் கேட்பாள். டெஸ்டுக்கு முன்னால் மூன்று தரம் பாத்ரூம் போவாள். நகம் என்று சொல்ல விரலில் ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? பொறுப்பான பெண் என்று. மற்றவர்களிடம், "அவகிட்ட கத்துக்கங்கடி" என்று வேறு சொல்லுவேன்.

ஜூலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து நன்றாகவே பேசினாள். ஆகஸ்ட்டில் மேடைப்படி ஏறும்போதே வாந்தி எடுத்துவிட்டாள். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். செப்டம்பரில் அன்று பள்ளிக்கே வரவில்லை, வயிற்று வலி. அக்டோபரிலும் வயிற்று வலி. ஸ்டாப் ரூமில் கணக்கு டீச்சர் தன் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "ஏங்க, கவனிச்சீங்களா? மூணும் அமாவாசை" என்றார்.

அவ்வளவுதான். பி.எஸ்சி. கணிதம் படித்த அம்மாள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியம் சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் போய்விட்டது. அந்தப் பெண் பள்ளிக்கு வருகிற வழியில் ஒரு புளியமரம் இருந்தது. போதாதா? வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று இரண்டு பெண்கள் இடம் மாறிக்கொண்டார்கள். நான் கத்தினேன். "இப்போ எந்தக் காலத்துல இருக்கோம்?" என்று கத்தினேன். அறிவியல் டீச்சரைக் கூப்பிட்டு அமாவாசை என்றால் என்ன என்று படம் போட்டு விளக்கச் சொன்னேன். அவரும் சூரியன், பூமி, நிலா எல்லாம் போட்டு விளக்கிவிட்டு, வெளியே வந்து என்னிடம் மெதுவாக, "இருந்தாலும் வீட்டுல ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டிக்கச் சொல்லுங்க" என்றார். இவர்களோடு என்ன செய்வது?

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தபோது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு இருந்தது. முழங்கைக்கு மேலே சிவப்புக் கோடுகள். ஊருக்கு வெளியே ஒருவரிடம் கூட்டிப் போனார்களாம். வேப்பங்கொத்தால் அடித்தாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அந்த மாதிரி இருபது பேர் எதிரே வந்திருந்தாலும் தாங்கியிருக்க மாட்டார்கள். நேரே எச்.எம். அறைக்குப் போய், "ஒரு டாக்டரை வரவழைக்கணும் மேடம், இது பேயும் இல்ல பிசாசும் இல்ல" என்றேன். அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். கவனிக்க வேண்டிய பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லிப் பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்த படிவம். மெதுவாகக் கற்பவர், கண் பார்வைக் குறை, காது கேளாமை, அடிக்கடி விடுப்பு, தீய பழக்கம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. இதில் எதில் வருகிறாள் என்று கேட்டார். அடிக்கடி விடுப்பு என்று டிக் பண்ணலாம் என்றால், அதற்கு மாதத்தில் ஐந்து நாளாவது போட்டிருக்க வேண்டுமாம். பயந்து சாகிற குழந்தைக்கு ஒரு கட்டம் இல்லை. முதல் மார்க் வாங்குகிற குழந்தைக்கு அந்தத் தாளில் எந்த இடமுமே இல்லை.

"நல்லாப் படிக்கிற பொண்ணுக்கு என்னம்மா பிரச்சினை?" என்றார் எச்.எம். "நீ போய் அந்த கடைசி பெஞ்சைக் கவனி."

நவம்பர் அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டது. ஞாயிறு பள்ளியைத் திறக்க வாட்ச்மேன் முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் கூட்டத்தை இரண்டு நாள் முன்னதாக வெள்ளிக்கிழமைக்கு மாற்றினோம். தறி ஓடுகிற நாள் என்பதால் பாதிப் பேர்தான் வந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா மட்டும் வேலையை விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். பெண் ஹாலுக்கு வெளியே குழாயடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மேடையில் இருந்தேன், ஆயா வந்து காதில் சொன்னார். "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்றேன். அதுவும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அசல் அமாவாசையன்று, வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு சன்னதித் தெருவில் வந்துகொண்டிருந்தேன். அந்தப் பெண் ஸ்கிப்பிங் கயிறு ஆடிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் எண்ண, அவள் வேர்த்து விறுவிறுத்து, வாய் நிறையச் சிரிப்போடு குதித்துக்கொண்டிருந்தாள். பேய் பிடித்த நாளில் பேய் வரவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் கயிறு நின்றது, சிரிப்பும் நின்றது. அப்போது கூட எனக்கு முழுதாகப் புரியவில்லை. 'ஓஹோ, அப்படியா சேதி, நடிக்கிறாளா' என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி.

திங்கட்கிழமை காலை அப்பா டி.சி. வாங்க வந்துவிட்டார். எச்.எம். அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "முன்னெல்லாம் அமாவாசையன்னைக்கு வந்துக்கினு இருந்துது. இப்போ ரெண்டு நாளு முன்னாடியே வருதும்மா. முத்திப்போச்சு. புள்ளையைக் காவு குடுத்துட்டு நான் இன்னா பண்றது? படிச்ச வரைக்கும் போதும். வூட்டுலயே இருக்கட்டும், எனக்குக் கோர்வைக்கு ஒரு ஆள் ஆச்சு."

கோர்வைப் புடவை நெய்யும்போது கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்த பிள்ளை எழுந்து மறுபடி பள்ளிக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. கணக்கு டீச்சர் வாசலில் நின்று, "பௌர்ணமிக்கும் வர ஆரம்பிச்சுடும், பார்த்துக்கங்க" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். எச்.எம். பேனாவைத் திறந்தார். நூலகப் புத்தகம் பாக்கி இருக்கிறது, அதை இதை என்று எதையோ உளறி இரண்டு நாள் அவகாசம் வாங்கினேன்.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா நெய்த புடவையைக் கொடுக்கப் போயிருந்தார். அந்தப் பெண் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்த உடனே கேட்டேன், "நேத்து நல்லாத்தானே குதிச்சுக்கிட்டு இருந்தே? அப்போ வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு?" போலீஸ் ஸ்டேஷனில் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறேன். அவள் முகம் வெளுத்தது, வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். அவள் அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது.

திரும்பி வந்து ராட்டை முன்னால் உட்கார்ந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கண்டு, இரண்டு கண்டு என்று அவள் சுற்றினாள். மூன்றாவதில் நூலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா சட்டை இஸ்திரி போட்டுக்கினு வந்து முன்னாடி உக்காருது டீச்சர். ராத்திரியே சட்டையை எடுத்து வெச்சிக்குது. ஒரு மாசம் நான் பர்ஸ்ட்டு வரலைன்னா, நீங்க வேற பேரைப் படிப்பீங்க. அப்போ அது எழுந்து நிக்கணும்ல, நடுவுல."

கண்டை மாற்றிக்கொண்டே, "அத்த நெனச்சா வயிறு பெரட்டுது" என்றாள்.

என் அமாவாசை யோசனை, என் மைக், என் ஊக்கப்படுத்துதல். வேப்பங்கொத்து அடியெல்லாம் அந்த ஒல்லிக் கையில் விழுந்தது என்னால். நான் ஒரு மாதமாக ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்துக்கு வடிகாலே இல்லை.

அப்பா வந்தார். நான் எழுந்து நின்றேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

"அமாவாசைக்கு வரலைங்க அது. கூட்டத்துக்கு வருது. எல்லார் முன்னாடியும் நிக்கணும்னு பயம். நீங்க ஆசையா வந்து உக்காருறீங்க, என்னைக்காவது அது கெட்டுப்போயிடுமோன்னு பயம்."

அவர் என்னையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அத்த ஒரு வார்த்தை திட்டுனது கெடையாது. கை வெச்சது கெடையாது."

"தெரியும்."

"அப்போ பேயி நான்தானா டீச்சரம்மா?"

"நீங்க இல்ல" என்றேன். "நான்."

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அதை நீவி விட்டுக்கொண்டே, "அடுத்த மாசம் வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் எச்.எம்.மிடம் கூட்டத்தை நிறுத்தச் சொன்னேன். "அலுவலகத்துல நல்ல பேரு வந்திருக்கு, ஒரு பொண்ணுக்காக நிறுத்தச் சொல்றியா?" என்றார். ஒரு பெண்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எத்தனை பேர் அமாவாசைக் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்களோ, எண்ணியது யார்? வாதாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. கடைசியில் என் வகுப்புக்கு மட்டும் ஹால் வேண்டாம் என்றேன். ஹாலில் நெருக்கடி, வகுப்பறையிலேயே நடத்திக்கொள்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். நெருக்கடி என்றதும் உடனே சம்மதித்தார்.

டிசம்பர் அமாவாசையன்று பெற்றோர்கள் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, தங்கள் பிள்ளையின் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் மைதானத்தில் விளையாடினார்கள். சிலருக்கு ஏமாற்றம். "பர்ஸ்ட்டு யாருன்னு சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். அந்தப் பெண் வந்திருந்தாள். காலையில் ஒரு தரம் குழாயடிக்குப் போனாள், திரும்பி வந்தாள், மணி அடிக்கிறவரை இருந்தாள். அப்பா கட்டம் போட்ட சட்டையில் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மார்க் தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாங்கியிருக்க வேண்டும். மறுநாள் முதல் பீரியடில் அவள் உள்ளே வந்ததும், எந்தச் சனியன் என் நாக்கில் உட்கார்ந்ததோ, "நேத்து இவ பயப்படாம நாள் பூரா இருந்தா. எல்லாரும் கைதட்டுங்கடி!" என்றேன். நாற்பது பெண்கள் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். கைதட்டல் முடியும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் இடத்துக்குப் போகாமல் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனவள் அந்த வாரம் முழுவதும் வரவில்லை. ஒரு மனுஷி எத்தனை தரம் ஒரே குழியில் விழலாம்? வீட்டில் என் கணவர் என்னோடு பேசவே பயந்தார். எச்.எம். டி.சி.யை எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். "போதும்மா, நீயே கொண்டுபோய்க் குடுத்துடு. அந்தாளும் எத்தனை தரம் நடப்பார்?" என்றார். நியாயம்தான், வாங்கிக்கொண்டேன்.

பையில் டி.சி.யோடு போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நடுவில், பக்கத்தில் அந்தப் பெண். அவள் கரை நாடாவைத் தள்ள, அவர் வாங்கி அடிக்க, வேலை சீராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் கை எந்தத் தப்பும் செய்யவில்லை. இங்கே அவளை யாரும் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் புடவையில்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இவள் இங்கேயே நிம்மதியாக இருந்துவிடுவாள், எழுந்து வரவே மாட்டாள்.

அவர் தறியை நிறுத்தினார். நான் அவரிடம் பேசவில்லை. தரையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணிடம், "தப்பு என்னோடதுமா. கைதட்டச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு" என்றேன். வாழ்க்கையில் ஒரு மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தரம். அவள் தறியில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"நான் வந்தா நீங்க பாக்காதீங்க டீச்சர்" என்றாள்.

"சரி."

"வந்துட்டியான்னு கேக்காதீங்க. நல்லா இருக்கியான்னும் கேக்காதீங்க. நானா வரேன், நானா உக்காந்துக்கறேன்."

"சரிமா."

அப்பா, "இத்தினி நாளா இத்த யாராவது அது கிட்ட கேட்டோமா?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். டி.சி.யை நான் வெளியே எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் பிரேயர் முடிந்து வகுப்புக்குள் போனதும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தேதி எழுதினேன். பாடத் தலைப்பு எழுதினேன். பின்னால் பிள்ளைகள் வந்து உட்காருகிற சத்தம். எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. நான் கேள்விகளை எழுத ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது கேள்வியின்போது கதவுப் பக்கம் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது. மெதுவாக நடை. மூன்றாவது பெஞ்சு கிறீச்சிட்டது.

"டீச்சர், டீச்சர், அவ வந்துட்டா!" என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கத்தினாள்.

"யார் வந்தா உனக்கென்னடி? நோட்டை எடு" என்றேன், திரும்பாமல்.

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது நிற்கிறவரை நான் திரும்ப முடியாது. அதனால் பாடத்தில் இல்லாத கேள்விகளையெல்லாம் சேர்த்துப் பலகை கொள்ளாமல் எழுதிக்கொண்டே இருந்தேன்.